மூத்தவனுக்கு வைக்காத பெயர்

நெஞ்சுக்குள் ஏதோ ஓடுகிறது என்று நான் போய் நின்றபோது, டாக்டர் கணினியைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் அப்பாவின் பக்கத்தில் யாராவது அறுபது வயதுக்கு முன் மாரடைப்பில் இறந்திருக்கிறார்களா? அப்பா அப்படித்தான் போனார். அப்பப்பாவும் அப்படித்தான் என்று கேள்வி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு அது வாயில் வந்த ஒரு வார்த்தை. எனக்கோ அந்த வருடம் முழுக்க அதுவே வேலையாகிவிட்டது.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய், அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பி வருகிற ஆள். "உங்களுக்குப் பயப்பிட ஒண்டும் இல்லாட்டி அதுக்கும் பயப்பிடுவியள்" என்பார் மனைவி. உப்புக் குறைத்த கறி, கொலஸ்ட்ரோல் குளிசை, படியேறினால் நாடி பிடித்துப் பார்ப்பது எல்லாமே அப்பாவின் இருதயத்தை நினைத்துத்தான். அவருடைய வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. எனக்குப் பிந்தி வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

பெயர்கள் எதையும் இங்கே எழுதவில்லை. ஒன்றை எழுதினால் போதும், யார் யாருடைய ஆட்கள் என்று எங்கள் சனம் ஒரு நாளில் பிடித்துவிடும்.

வெள்ளைக்காரருக்குக் குடும்பக் கதை தேடுவது சுகம். குடும்பப் பெயர் ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலே போகலாம். எங்களுக்கு அது இல்லை. அப்பாவின் பெயர் எனக்கு முன்னால், என் பெயர் என் பிள்ளைகளுக்கு முன்னால். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்று கழன்று விழுந்துவிடும். போதாததற்கு, பாஸ்போர்ட் எடுத்த இடங்களில் அதைத் திருப்பிப் போட்டு அப்பாவின் பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். நான் இருக்கிற இல்ஃபோர்டில் டாக்டரிடம் போனால் கூப்பிடுவது அப்பாவை, எழும்பிப் போவது நான். பாரிஸில் இருக்கிற பெரிய சித்தப்பாவின் மகனுக்கு ஒரு குடும்பப் பெயர், ரொறன்ரோவில் இருக்கிற சின்னச் சித்தப்பாவின் மகனுக்கு வேறொன்று. ஒரே மனிதரின் பேரப்பிள்ளைகள், காகிதத்தில் ஒருவருக்கொருவர் அந்நியர்.

ஆனால் எங்கள் அப்பா பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பப்பாவின் பெயர். அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. அதனால் மூத்தவர்களின் வரிசையில் இரண்டே இரண்டு பெயர்கள், ஒன்று விட்டு ஒன்று, கிணற்று வாளி மாதிரி மேலும் கீழும் போய் வந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் அந்தப் பெயர் கேட்டால் அது எங்கள் கிளை. எங்கள் அப்பப்பாவின் பெயர் ஊரில் வேறு ஒருவருக்கும் இல்லாத பழைய பெயர் என்பதால் தேடுவது இன்னும் சுலபம்.

அறைச் சுவருக்கு ஒட்டியதில் மிஞ்சிய வோல்பேப்பர் சுருளை முன்னறையில் விரித்து, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். பாரிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன், ரொறன்ரோவுக்கு எடுத்தேன், ஊரில் மிச்சமிருந்த கிழவர்களுக்கு எடுத்தேன். ஆர் எதில் செத்தது என்று கேட்கத்தான் எடுத்தேன். ஆனால் நாலாவது அழைப்பிலேயே சாவை மறந்துவிட்டேன். பெயர் வருகிற இடமெல்லாம் பச்சைப் பேனையால் வட்டம் போடுவது ஒரு பைத்தியமாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒன்றைத் தேடி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, அது சரிவருவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

பள்ளிக்கூடம் விட்ட கதையை நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். பெற்றோல் ஷெட்டில் என்னோடு வேலைக்கு நின்ற பொடியன்களுக்கு, என் பிள்ளைகளுக்கு, மருமகளுக்கு. அப்பாவின் பலசரக்குக் கடைக்கு ஆள் தேவைப்பட்டது, நான் மூத்தவன், அதனால் நான் நின்றேன், தம்பி படித்தான். தம்பி இங்கே பல் டாக்டர். மூத்தவன் என்றால் அப்படித்தான் என்று முடிப்பேன். சொல்லும்போது தோள் கொஞ்சம் நிமிரும். என்னிடம் பெருமைப்பட வேறொன்றும் பெரிதாக இல்லை.

ஒரு சனிக்கிழமை மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்று, நிலத்தில் விரித்திருந்ததைப் பார்த்தார்.

"இதென்ன, மூத்த பொடியளுக்கெல்லாம் வட்டம் போட்டிருக்கிறியள். உங்களுக்கு மட்டும் இல்லை?"

"எனக்கு அந்தப் பேர் இல்லையே. தம்பிக்குத்தானே."

"அதைத்தான் கேக்கிறன். ஏன் தம்பிக்கு?"

"என்ர நட்சத்திரத்துக்கு அந்தப் பேர் ஆகாதெண்டு சாத்திரி சொன்னவராம்."

"அப்ப மற்ற மூத்தாக்கள் எல்லாம் பாத்துப் பாத்து நல்ல நட்சத்திரத்திலையோ பிறந்தவை?" என்று சிரித்துவிட்டு அவர் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

பிறகு விதிவிலக்கைத் தேடினேன். ஒன்று கிடைத்தால் போதும், எனக்குத் துணையாக இன்னொரு மூத்தவன். பாரிஸ் வீட்டில் இப்போது அந்தப் பெயரோடு இருப்பவர் இரண்டாவது ஆண்பிள்ளை என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதல்! உடனே எடுத்துக் கேட்டேன். "எங்கட மூத்தது குழந்தையிலையே தவறிட்டுது அண்ணை" என்றார் அவருடைய அக்கா. "அதுக்கும் அந்தப் பேர்தான் வைச்சிருந்தது. பேர் விட்டுப் போகக்கூடாதெண்டு அடுத்ததுக்கும் அதையே வைச்சவை." செத்த பிள்ளைக்குக்கூட வைத்திருக்கிறார்கள். உயிரோடு ஓடித் திரிந்த எனக்கு வைக்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அம்மா மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் எவரும் சொல்லமாட்டார்கள். அதனால் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அவன் வீட்டில் 'அப்பு'. என் பெயரை மட்டும் படலையில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார். அதை நான் என்மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெயர் அவருக்கு யாருடைய பெயருமாக இல்லாததால்தான் வாய் நிறையக் கூப்பிட முடிந்திருக்கிறது.

தம்பிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து எடுத்தேன்.

"என்ன அண்ணை, திரும்ப நெஞ்சு ஓடுதோ?"

"நெஞ்சில்லை. பேர்."

விஷயத்தைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அண்ணை, வேலையாலை நிண்டா ஆக்கள் தோட்டம் செய்வினம், கோயிலுக்குப் போவினம். நீங்கள் நிலத்திலை படுத்துக் கிடந்து வட்டம் போடுறியள்."

"அப்பப்பான்ர பேர் ஏன் உனக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் யாரோ கரண்டி போடுகிற சத்தம் கேட்டது.

"அக்காவோட கதைச்சனியளே?"

"உன்னைத்தானே கேக்கிறன்."

"நான் பிறகு பிறந்தவன், எனக்கென்ன தெரியும்? அக்காவைக் கேளுங்கோ." பிறகு சொன்னான்: "போனிலை வேண்டாம் அண்ணை. நேரை போங்கோ."

சாத்திரி சொன்ன ஒரு சின்ன விஷயத்துக்கு யாரும் நேரே போகச் சொல்வதில்லை. அது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அக்கா எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். என்னைவிட எட்டு வயது கூட. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் கனகாலம் வேலை செய்து ஓய்ந்தவர். இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைன் ரயில் எடுத்து, ஹேய்ஸில் இறங்கிப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தரம் திரும்பிவிட நினைத்தேன். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுப்பது அக்காதான். இங்கே வந்த பிறகும் என் பயங்களை முழுக்கக் கேட்கிற ஒரே ஆள். என்னிடம் அவர் மறைப்பார் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நினைக்காத ஒரே பயம் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா குசினி மேசையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட்டனியோ பெரியதம்பி?"

"சாப்பாடு வேண்டாம் அக்கா. ஒண்டு கேக்க வந்தனான்."

"ஓம். சின்னவன் சொன்னவன்."

ஆக, எனக்கு முன்னால் இருவரும் கதைத்து முடித்துவிட்டார்கள். ஒரு விமானம் கூரையைத் தொடுகிற மாதிரிப் போனது. அந்த வீட்டில் விமானம் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். அது போன பிறகும் அக்கா காத்திருந்தார்.

"அடுத்த பிளேன் வருமட்டும் இருக்கப்போறியளோ?"

"நீ அம்மான்ர வயித்திலை பிறக்கேல்லை" என்றார் அக்கா. இலையைப் பார்த்தபடிதான் சொன்னார். "நீ சின்னம்மான்ர பிள்ளை."

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கச்சி. காய்ச்சலில் செத்தவர் என்று சொல்லியிருந்தார்கள். சுவரில் ஒரு படம் இருந்தது, பூப்போட்ட சீலை, ஒற்றைப் பின்னல். அதற்குக் கீழே இருந்துதான் நான் சோறு தின்று வளர்ந்தேன்.

"காய்ச்சல்தான். பிள்ளைப்பெத்த காய்ச்சல். உனக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சு, பேர் வைச்சு, அதுக்குப் பிறகுதான் செத்தவ. சின்னம்மான்ர மனுசன், அந்தச் சித்தப்பா, கப்பல்காரர். முப்பத்தொண்டுக்கு வந்து தன்ர அப்பான்ர பேரை உன்ர காதுக்குள்ளை சொல்லிப்போட்டுப் போனவர். போனவர்தான். செத்தவீட்டுக்கும் வரேல்லை, பிறகும் வரேல்லை. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவ. பதிவிலையும் தேப்பனெண்டு எங்கட அப்பான்ர பேர்தான் குடுத்தது."

"அவற்ர பேர் என்ன?"

"கப்பல் சித்தப்பா எண்டுதான் எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளை. அந்த ஆளின்ர பேரை வீட்டிலை எடுக்கக்கூடாதெண்டு அப்பா சொல்லிப்போட்டார். பேந்து ஒருத்தரும் எடுக்கேல்லை."

நான் வோல்பேப்பரில் இவ்வளவு காலம் போட்ட கணக்கை அந்த மேசையில் இருந்தபடி மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் மூத்தவனுக்கு அப்பப்பாவின் பெயர். எனவே என் சொந்த அப்பப்பாவின் பெயர் எனக்குத் தெரியும், அது என் பெயர். என் அப்பாவின் பெயர் தெரியாது.

"அப்ப சாத்திரி?"

"அது நீ கேக்கத் தொடங்கினாப் பிறகு கட்டினது."

"உங்கட அப்பப்பான்ர பேரைத் தம்பிக்கெண்டு எடுத்து வைச்சிருந்தவையோ?"

அக்கா தலையாட்டினார்.

நான் கேட்க வந்தது இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. வாய் தானாகப் போனது.

"அக்கா, பொய் சொல்லாமச் சொல்லுங்கோ. என்னை ஏன் எட்டாம் வகுப்போட மறிச்சவை?"

"உனக்குத் தெரிஞ்சதுதானே. கடைக்கு ஆள் இல்லை. நீ மூத்தவன், அதாலை—"

"எந்த மூத்தவன்? பேர் வைக்கேக்கை அவன் மூத்தவன். கடை திறக்கேக்கை நான் மூத்தவனோ?"

அக்காவின் கை நின்றது. "அம்மா கேட்டவ" என்றார். "ரெண்டு பேரும் படிக்கட்டுமன் எண்டு கேட்டவ. நான் அடுப்படியிலை நிண்டனான்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"விடு ராசா."

"சொல்லுங்கோ."

"எங்கட பிள்ளை படிக்கட்டும் எண்டவர்."

மேசையில் ஆய்ந்த இலை ஒரு பக்கமும் ஈர்க்கு ஒரு பக்கமுமாகக் கிடந்தன. நான் ஈர்க்குகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல்தான்.

"இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்ல மனம் வரேல்லையோ?"

"சொன்னா நீ யோசிப்பாய். நீ சும்மாவே யோசிக்கிற ஆள்." அக்கா அழத் தொடங்கினார். "அம்மா சாகேக்கை சின்னவனுக்கும் அதைத்தான் சொன்னவ. அண்ணைக்குச் சொல்லிப்போடாதை, அவன் தாங்கமாட்டான் எண்டு."

ஆக அதுதான் காரணம். என் பயத்தைத் திரைச்சீலை மாதிரி எனக்கு முன்னால் இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் எல்லாரும் சுகமாக இருந்திருக்கிறார்கள். அக்கா அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. வழக்கமாக வரும். தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன்.

அதன் பிறகு சில கிழமைகள் நான் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. மனைவியிடம் ஒருநாள் கேட்டேன், கலியாணம் பேசி வந்தபோது உங்கள் வீட்டில் விசாரித்திருப்பார்களே, ஒன்றும் சொல்லவில்லையா என்று. "எனக்குத் தெரியாதப்பா, சத்தியமாய்" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அக்காவும் பொய் சொல்கிற ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது சொந்த மனைவியின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, தெரியுமோ தெரியாதோ என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இதையும் அவர்கள்தான் செய்தார்கள்.

இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். தாதி வாசலில் வந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். நான் எழும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்த கிழவி என்னைப் பார்த்தார். என் மூத்த மகனுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறேன், வழக்கம் பிசகக்கூடாதென்று. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும் சொன்னேன், என் அப்பாவின் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று. அவர் எதையோ அழித்துவிட்டு வேறெதையோ தட்டினார். அத்தனை வருடமும் இன்னொருவரின் இருதயத்துக்குப் பயந்து உப்பில்லாமல் தின்றிருக்கிறேன். இனி எதற்குப் பயப்படுவது என்றே தெரியாது.

ஆடி அமாவாசை வந்தது. அப்பா இல்லாதவர்கள் விரதம் இருக்கிற நாள். கோயில் மண்டபத்தில் ஐயர் எங்களை வரிசையாக இருத்தி, எள்ளும் தண்ணீரும் விடச்சொல்லி, அப்பா, அப்பப்பா, அவருக்கும் அப்பாவான பூட்டன் மூவரின் பெயரையும் கேட்டுச் சொல்லிக்கொண்டு போவார். அப்பா செத்த நாள் முதல் ஒவ்வொரு வருடமும் நான்தான் போனேன். தம்பிக்கு வேலை, மூத்தவர் செய்தால் காணும் என்று விட்டுவிடுவோம். முதல் நாள் பின்னேரம் தம்பி எடுத்தான். ஹவுன்ஸ்லோவுக்குப் போய்வந்த பிறகு நாங்கள் கதைப்பது அதுதான் முதல் தரம்.

"அண்ணை, நாளைக்குக் கோயிலுக்குப் போறியள்தானே?"

"இந்த முறை நீ போ."

"எனக்குக் காலமை ஆக்கள் புக் பண்ணியிருக்கினம் அண்ணை."

"நீதான் மூத்தவன். நீதான் போகவேணும்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. எனக்கு நீங்கள் எப்பவும் அண்ணைதான்."

"உனக்கு அண்ணை. அப்பாவுக்கு நான் ஆர்?"

அவன் டயறியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. நல்ல மனுசன்தான்.

"சரி, நான் போறன்" என்றான். "ஐயர் என்ன கேப்பார்?"

"மூண்டு பேர். அப்பா, அப்பப்பா, பூட்டன்."

"பூட்டன்ர பேர் என்ன?"

அவனுக்குத் தெரியாது. அப்பப்பாவின் பெயரை வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிகிறவனுக்கு, அப்பா மூத்தவர் என்பதால் பூட்டனின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒன்றுதான் என்று தெரியவில்லை. ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நின்றது.

"அது உங்கட ஆக்கள்" என்றேன். "நீ தேடிப் பிடி."

தொலைபேசியை நான்தான் வைத்தேன்.

அடுத்த நாள் காலை மனைவி குசினியில் கத்தரிக்காயையும் வாழைக்காயையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விரதச் சமையலா இல்லையா என்று கேட்கப் பயம். நானும் அந்த இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். அப்பாவுக்கு விரதம் இருக்க நான் அவருடைய பிள்ளை இல்லை, அவரே சொல்லிவிட்டார். கப்பல்காரருக்கு இருக்கலாம் என்றால், அவர் எங்காவது ஒரு துறைமுகத்தில் தொண்ணூறு வயதில் உயிரோடு இருந்தால்? உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளுத் தண்ணீர் விட்ட பழி எனக்கெதற்கு?

"ஒரு முட்டை பொரிச்சுத் தாரும்" என்றேன்.

"இண்டைக்கு அமாவாசையெல்லோ?"

"எனக்கில்லை."

அவர் தாச்சியை அடுப்பில் வைத்தார். பாணோடு முட்டையை முழுக்கத் தின்றேன். பிறகு ஜன்னலடியில் இருந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினேன். தம்பி நேரத்துக்குப் போயிருப்பானா, ஐயர் பூட்டனின் பெயரைக் கேட்டபோது முழுசிக்கொண்டு நின்றிருப்பானா, வாயில் வந்த யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருப்பானா என்று.